உன் அறையில் ஒரு மீன்தொட்டி

குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரைகளை மறக்காமல் போட்டுக்கொள்கிறேன், முழங்கால் வலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன், ஆகவே என்னைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். போனில் நீ "சாப்பிட்டியாம்மா" என்கிறாய், நான் "ஆச்சு, நீ?" என்கிறேன், அங்கே மழையா என்று கேட்கிறேன், மாப்பிள்ளை பின்னால் இருந்து "அத்தை எப்படி இருக்கீங்க" என்று ஒரு குரல் கொடுக்கிறார், பதினோரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. குறை சொல்லவில்லை, எனக்கும்தான் போனில் பேச வரவில்லை. வாயில் நிற்பது பேனா பிடித்தாலாவது இறங்குமா என்று உட்கார்ந்திருக்கிறேன். ரிப்போர்ட் ஃபாரம் தவிர வேறு எதையும் எழுதிப் பழகாத கை, எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அறையில் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். உன் மேஜையை பால்கனிக்கு மாற்றி மேலே பாலிதீன் போட்டு மூடியிருக்கிறேன், உன் சர்டிபிகேட், பழைய நோட்டு, வளையல் டப்பா எல்லாம் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, ஒரு ஊக்கைக்கூட வெளியே போடவில்லை.

இந்த வயதில் அம்மாவுக்கு இது என்ன கூத்து என்று கேட்பாய். முப்பத்தோரு வருஷம் லேபில் ரத்தம் எடுத்தவள் நான். காலையில் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குள் நாற்பது பேர் கையைப் பிடித்திருப்பேன், நரம்பைத் தேடி விரலால் தட்டியிருப்பேன், "ஒண்ணுமில்லைங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று நாற்பது தடவை சொல்லியிருப்பேன். ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் யோசித்துப் பார்த்தேன், அந்த மாதம் முழுவதும் என் விரல் வேறொரு மனிதர் மேல் பட்டிருக்கவில்லை. இன்னொரு நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மணி அடித்தார், "யாரு" என்று கேட்டேன், குரல் துருப்பிடித்த கதவு மாதிரி கிரீச்சென்று வந்தது, எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசியதுதான் கடைசி, அன்றைக்கு வியாழக்கிழமை. இதையெல்லாம் உன்னிடம் சொன்னால் நீ அங்கே வேலை ஓடாமல் உட்கார்ந்திருப்பாய் என்று சொல்லவில்லை. அந்த வாரம்தான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். அங்கே காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய தொட்டி, அதில் தட்டு தட்டாக வட்டமான மீன்கள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம், செங்கல் நிறத்தில் நீலக் கோடு ஓடியிருந்தது. டிஸ்கஸ் என்று பெயராம். மற்ற மீன்கள் மாதிரி அங்கும் இங்கும் அலையாமல் ஒன்று கண்ணாடி ஓரம் வந்து நின்று என்னைப் பார்த்தது. நான் இடம் மாறி உட்கார்ந்தேன், அதுவும் நகர்ந்து வந்து பார்த்தது. "அம்மா உங்களத்தான், மூணு தடவ கூப்பிட்டாச்சு" என்று நர்ஸ் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

மீன்கடைக்காரர் ஒருவரை விசாரித்துப் பிடித்தேன். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் தெர்மாமீட்டர் செருகியிருப்பார், அதனால் அவருக்குத் தெர்மாமீட்டர் என்றே நான் பெயர் வைத்துவிட்டேன். டிஸ்கஸ் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொத மொதல்ல மீன் வளர்க்கிறவங்களுக்கு நான் இத குடுக்கறதில்லம்மா, பச்சக் குழந்தை மாதிரி, தண்ணி கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் தாங்காது" என்றார். நானும் விடவில்லை, நாலு தடவை நடந்தேன், கடைசியில் கரும்பலகையில் பாடம் எடுக்காத குறையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தார். நாலு அடி நீளத் தொட்டி, இருநூற்றைம்பது லிட்டர் தண்ணீர், அதற்கு இரும்பு ஸ்டாண்டு, கண்ணாடி நொறுங்காமல் இருக்க அடியில் தெர்மோகோல். மண் வேண்டாம், கல் வேண்டாம், செடியும் வேண்டாம், கழுவித் துடைக்கிற மாதிரி வெறும் தொட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் இருபத்தொன்பது டிகிரி சூட்டில் இருக்க ஒரு ஹீட்டர், குமிழி விட ஒரு மோட்டார், அதில் மாட்டிய பஞ்சு ஃபில்டர். அந்தப் பஞ்சில்தான் சூட்சுமம் எல்லாம் என்றார். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற விஷம் வருமாம், அதைத் தின்று தீர்க்கிற நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சில் குடியேற வேண்டுமாம், அதற்கு ஒரு மாதம் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம், அதுவரை மீன் விடக் கூடாது. "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், அத நம்பிடாதீங்கம்மா, டெஸ்ட் பண்ணி மஞ்சளா வந்தா வாங்க, பச்சையா இருந்தா கடப் பக்கமே வராதீங்க" என்று சொல்லி சொட்டு மருந்தும் சின்ன டெஸ்ட் டியூபும் இருந்த ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி எனக்கே டெஸ்ட் டியூபா என்று சிரித்துக்கொண்டு வாங்கிவந்தேன்.

அந்தக் கிருமிகள் வளர்வதற்குச் சாப்பாடு வேண்டும் அல்லவா, அதற்காக மீனே இல்லாத தொட்டிக்கு தினமும் காலையில் ஒரு சிட்டிகை மீன் தீனி போட வேண்டும். போட்டேன். விளக்கைப் போட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தீனி மெல்ல அடியில் போய்ப் படிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிட வருகிறவர் யாரும் இல்லாத வீட்டில் இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி இருந்தது. பதினாறு நாள் பொறுத்தேன் குட்டிம்மா, பதினேழாம் நாள் முடியவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் நின்றேன். "டெஸ்ட் பண்ணீங்களா" என்று கேட்டார். "பண்ணினேன், மஞ்சள்தான் வருது" என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன். பண்ணவேயில்லை. மறந்துபோய் இல்லை, நேரம் இல்லாமலும் இல்லை. பண்ணினால் பச்சை வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் பண்ணவில்லை. அவர் என் கைப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலையை எடுத்தார். ஒன்று இரண்டாக வளர்க்கக் கூடாதாம், கூட்டமாக இருந்தால்தான் அவற்றுக்குத் தைரியமாம், அதனால் ஆறு கொடுத்தார்.

மூன்று நாள் எப்படிப் போயின என்று கேட்காதே. முதல் நாள் மூலையில் பயந்து நின்றவை இரண்டாம் நாள் என் நடமாட்டத்துக்குப் பழகி, மூன்றாம் நாள் நான் கதவைத் திறந்ததும் ஆறும் கண்ணாடிக்கு வந்தன. அவற்றுக்குத் தீனி உறைய வைத்த ரத்தப்புழு, பார், ரத்தம் இந்த ஜென்மத்தில் என்னை விடாது போலிருக்கிறது. என் சாப்பாட்டுத் தட்டையும் உன் அறைக்கே எடுத்துப் போய்விட்டேன். காய்காரர் ஏமாற்றியது, கீழ்வீட்டுக்காரர் பைக்கை வழியில் நிறுத்தியது எல்லாவற்றையும் அவற்றிடம் சொன்னேன். நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் ஒன்றுகூட வரவில்லை. செங்கல் நிறம் போய் ஆறும் கருத்துவிட்டிருந்தன, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு பின்மூலையில் சுவரைப் பார்த்து நின்றன, ஒன்று மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரிதான் இருந்தது. சீல் வைத்த டெஸ்ட் பெட்டியை அப்போதுதான் உடைத்தேன். அஞ்சு மில்லி தண்ணீர், எட்டு சொட்டு மருந்து, குலுக்கி வைத்துவிட்டு அஞ்சு நிமிஷம் காத்திருக்க வேண்டும், அரை நிமிஷத்திலேயே பச்சை. கரும்பச்சை. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ மோசமான ரிசல்ட்டைப் பார்த்திருக்கிறேன், ஒரு முறையைத் தவிர கை நடுங்கியதில்லை. அன்றைக்கு நடுங்கியது. தெர்மாமீட்டருக்குப் போன் போட்டேன். "பாதித் தண்ணிய உடனே மாத்துங்க, குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திடாதீங்க, குளோரின் கொன்னுடும், டிரம்ல புடிச்சு வச்சது இருக்குல்ல, வெந்நி கலந்து அதே சூட்டுக்கு கொண்டாந்து ஊத்துங்க" என்றார். டிரம் சமையலறை ஓரத்தில், தொட்டி வீட்டின் மறு கோடியில். இரண்டாவது வாளியிலேயே முழங்கால் மடங்கி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன், தண்ணீர் எல்லாம் தரையில். அதற்குள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

யாரைக் கூப்பிடுவது சொல். மேல்வீட்டுக்காரி ஒருத்திதான் காலை வகுப்பு முடித்துப் பகலில் வீட்டில் இருப்பவள், டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறாளே, அப்பா அவளுக்கு பிரேக் அக்கா என்று பெயர் வைத்திருந்தாரே, அவள்தான். அவள் வீட்டுக் குளியலறை ஒழுகி உன் அறைக் கூரையில் கறை படிந்ததில் தொடங்கிய சண்டை, ஒன்பது வருஷமாக முகத்தில் முழிப்பதில்லை. படியைப் பிடித்துப் பிடித்து ஏறிப் போய்த் தட்டினேன். கதவைத் திறந்து பார்த்தாள். என் புடவை பாதி நனைந்திருந்தது. "மீன் சாகுது" என்று மட்டும் சொன்னேன். என்ன மீன், யார் மீன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் வீட்டு வாளி இரண்டையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள். பன்னிரண்டு வாளி வெளியே, பன்னிரண்டு வாளி உள்ளே. நான் அடுப்படியில் வெந்நீர் கலந்து சூடு பார்த்துக் கொடுத்தேன், அவள் சுமந்தாள். நான் பதறும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா, ஃபர்ஸ்ட் கியர்லயே போங்க, எதுர்ல ஒண்ணும் வரல" என்று அதட்டினாள். மத்தியானத்துக்குள் இரண்டு போய்விட்டன. நாலு நின்றன. இரண்டு பேரும் ஈரத்தோடு உன் அறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், அந்தக் கறை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். "இதுக்கா ஒம்பது வருஷம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததும் அழுகை வந்துவிட்டது, அவள் எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள், எங்கள் வீட்டு அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று கேட்காமலே கண்டுபிடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றினோம், அவள் காலை வகுப்பு முடிந்து வந்து வாளி தூக்குவாள், நான் டெஸ்ட் பண்ணி நோட்டில் எழுதுவேன், இப்போது ஒரு வேளையும் தவறுவதில்லை. கரும்பச்சை வெளிர்ப் பச்சையாகி, போன செவ்வாய்க்கிழமை முதல் முறையாக மஞ்சள் வந்தது. அன்றைக்கே கடைக்குப் போய் தெர்மாமீட்டரிடம், ஐயா, அன்றைக்கு நான் சொன்னது பொய், டெஸ்ட் பண்ணவேயில்லை, அந்த இரண்டு மீனையும் கொன்றது நான்தான் என்று சொன்னேன். அவர் கல்லாவில் இருந்தபடியே, "எனக்கு அன்னைக்கே தெரியும்மா, கண்ணாடி எடுக்க பையத் தொறந்தீங்க, டெஸ்ட் பெட்டி சீல் உடைக்காம உள்ளேயே இருந்துச்சு" என்றார். தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க நின்ன நிலையப் பார்த்தா இல்லன்னு சொல்ல வாய் வரல, அது என் தப்புதான்" என்றார். மறுபடி இரண்டு மீன் தருகிறேன் என்றார், வேண்டாம், இருப்பதை முதலில் காப்பாற்றுகிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் இதை பிரேக் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டே வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "உங்க வீட்டுக்காரர் கடைசி வருஷம் படியேறும்போது நடுப்படியில உக்காந்துடுவாரு, மூச்சு வாங்கும், நமக்குள்ளதான் பேச்சு இல்லையே, அவருக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டு வச்சேன், ஒரு நாள் சொன்னாரு, என் சம்சாரத்துக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியாதுன்னு" என்றாள். அந்த ஸ்டூலை நானும் பார்த்திருக்கிறேன், வழியை அடைத்து வைத்திருக்கிறாளே என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அப்புறம் அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "இன்னமுமா அந்தப் பொண்ணுக்குத் தெரியாது?"

குட்டிம்மா, இப்போது எழுதப் போவதற்காகத்தான் இத்தனை பக்கம் மீன் கதை எழுதினேன். அப்பா போன மூன்றாம் நாள் நீ வந்து இறங்கினாய். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். "ஊருக்கே ரத்தம் பாத்தியே, அப்பாவுக்கு ஒரே ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதாம்மா" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. நாலு வருஷமாக அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டுதான் நாம் இருவரும் மழையா வெயிலா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு ரத்தம் பார்த்தேன் குட்டிம்மா. நீ அங்கே வேலைக்குப் போக விமானம் ஏறுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அவருக்குக் கால் வீங்கியது, லேப் திறப்பதற்கு முன்னால் ஏழு மணிக்கு முன்பே கூட்டிப் போய் நான்தான் எடுத்தேன். சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருந்தது. மிஷின் தவறோ என்று மறுபடி போட்டேன், அதே எண். கை நடுங்கிய அந்த ஒரு முறை அதுதான். உன் அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அவ ஏறட்டும், அப்புறம் சொல்லலாம்" என்றார். நீ போன பிறகு, "வேல நெலைக்கட்டும்" என்றார். பிறகு உன் கல்யாணப் பேச்சு வந்தது, "இப்ப போய் எதுக்கு" என்றார். டாக்டரிடம் போனார், மாத்திரை சாப்பிட்டார், டயாலிசிஸ் என்றபோது அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளினார், நான் அவரோடு சேர்ந்து தள்ளினேன். எட்டாவது மாதம் ஒரு மத்தியானம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சாய்ந்துவிட்டார். எண்ணைப் படிக்கத் தெரிந்தவள் நான், அவர் வேண்டாம் என்றாலும் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நீ கேட்ட அன்று உண்மையைச் சொன்னால், எனக்காகத்தான் மறைத்தார்கள், நான் கிளம்பாமல் இருந்திருந்தால் என்று நீ ஆயுசுக்கும் உன்னையே குத்திக்கொள்வாய், அதற்கு அம்மா கவனிக்கவில்லை என்று நினைப்பதே மேல் என்று இருந்துவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உனக்காக மட்டும் இல்லை, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயமாகவும் இருந்தது. நீ கிளம்பியதால் அவர் போகவில்லை, இதை ஆயிரம் தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். நீ விமானம் ஏறிய அன்று வீட்டுக்கு வந்து தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஏறிட்டாடி" என்று சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, மேல்வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் என் பொய் தெரிந்திருக்கிறது. நீ ஒருத்திதான் தூரத்தில் இருந்து நம்பிக்கொண்டிருக்கிறாய்.

கோபம் வந்தால் கோபப்படு. போன் செய்து திட்டு, ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. பேசப் பிடிக்கவில்லை என்றால் சில வாரம் பேசாமல் இரு, அதையும் தாங்கிக்கொள்வேன், ஆனால் ஒன்பது வருஷம் ஆக்கிவிடாதே. மீன்கள் நாலும் நிறம் திரும்பிவிட்டன, மூன்று நான் போனால் கண்ணாடிக்கு வருகின்றன, ஒன்று மட்டும் இன்னமும் பின்மூலையை விடவில்லை, ஆனால் நான் திரும்பியதும் வந்து தீனி தின்றுவிட்டுப் போகிறது. நீ வந்தால் தூங்குவதற்கு என் அறையில் கட்டில் போட்டு வைக்கிறேன், மோட்டார் சத்தம் உனக்குத் தூக்கம் வராமல் செய்யும். மாப்பிள்ளையிடம் எனக்கு அவர் மேல் எப்போதும் பிரியம் என்று சொல். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மறைக்காமல், நோய்நொடி இல்லாமல், நீண்ட ஆயுசோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் அங்கே இரவும் பகலும் உங்களோடு இருக்கும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. உனக்கு வயது முப்பத்து மூன்று ஆகப் போகிறது, அப்பாவுக்கு இருந்தது உனக்கும் வரக் கூடும். இந்த மாதமே போய் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொடுத்துப் பார். ஊசி போடுகிறவரிடம் கையைத் தளர்த்தி நீட்டு, இறுக்கினால் வலிக்கும். ரிசல்ட் வந்ததும் நல்லதோ கெட்டதோ, அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பு. என்னிடம் எதையும் மறைக்காதே என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லைதான். இருந்தாலும் கேட்கிறேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா